இரண்டு பட்டியலிலும் இல்லாதவர்கள்

இசிக்-குல் ஏரியில் புருல்சா மீன் எண்ணிய காலத்தில்
ஒரு குடாவில் வலைக்கு வந்தவை நூற்றிருபது.
ஒவ்வொன்றின் துடுப்பு ஓரத்திலும்
கத்தரியால் சின்னதாய் ஒரு வெட்டு,
பிறகு தண்ணீருக்கே.
பத்து நாள் கழித்து மறுபடி வலை.
இம்முறை நூறு.
அவற்றில் வெட்டுப்பட்ட துடுப்பு ஆறு.

கையில் உள்ள நூறில் ஆறு பழைய மீன் என்றால்
குடாவிலும் நூறுக்கு ஆறுதான் இருக்க வேண்டும்.
ஆக, இரண்டாயிரம்.
கண்ணால் பார்த்தது இருநூற்றுப் பதினான்கு.
மீதியைப் பார்த்தது வகுத்தல்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம் நாம்.
பானை எவ்வளவு பெரிது என்று
அந்த ஒரு சோறு சொல்லுமா?
சொல்லும்,
அடையாளமிட்டு உள்ளே போட்டு, நன்றாய்க் கிளறி
இன்னொரு கரண்டி அள்ளினால்.

இப்போது பிஷ்கெக். ஜனவரி. மைனஸ் பத்தொன்பது.
நகராட்சியின் மூன்றாம் மாடியில்
புருல்சாவின் மேசைமேல் இரண்டு பட்டியல்கள்.
இரவு விடுதியில் படுத்தவர்கள் நூற்றெண்பது.
ரயில் நிலையத்தில் சூப்புக்கு நின்றவர்கள் நூற்றைம்பது.
மூன்று இரவு உட்கார்ந்து பொருத்தினாள்.
இங்கே 'கானிபெக், 1961'
அங்கே 'கானி அண்ணன், இடக்கையில் விரல் இல்லை':
ஒரே ஆள்.
இரண்டிலும் இருந்தவர்கள் நாற்பத்தைந்து பேர்.

பெருக்கினாள், வகுத்தாள்: அறுநூறு.
தாளில் இருப்பவர்கள் இருநூற்றெண்பத்தைந்து.
இல்லாதவர்கள் முந்நூற்றுப் பதினைந்து.

"பெயர்களைக் கொடுங்கள்," என்றார் துருஸ்பெக்,
நிதியைக் கையில் வைத்திருப்பவர்.
"பெயர் தெரிந்தால் பட்டியலில் இருந்திருப்பார்களே."
"அறுநூறு நிச்சயமா?"
"நானூற்று எழுபதிலிருந்து எழுநூற்று இருபது வரை."
"இது எண்ணா, ரப்பர் பட்டையா?"

அவர் கேட்காததையும் அவள் சொன்னாள்.
மீனுக்கு வெட்கம் இல்லை.
மனிதன் மீன் அல்ல.
விடுதிக்குப் போகத் துணிந்தவனே சூப்புக்கும் நிற்பான்.
குடித்தவனை இரண்டு வாசலிலும் விரட்டுவார்கள்.
அதனால் அந்த நாற்பத்தைந்து சற்று ஊதிய எண்;
கீழே இருப்பது பெருத்தால் விடை சிறுக்கும்.
உண்மை அறுநூறுக்கு மேலேதான் இருக்கும்.
துருஸ்பெக் ஜன்னலைப் பார்த்தார்.
பனி பெய்துகொண்டிருந்தது, எண்ணிக்கை இல்லாமல்.

மூன்றாவது பட்டியல் ஒன்று வேண்டும் என்று
அன்றிரவு அவளே கிளம்பினாள்.
வெந்நீர்க் குழாய்கள் ஓடும் சுரங்கத்துக்கு
ஒரு இரும்பு மூடி, ஏழு படி.
கீழே கம்பளி வேகும் வாசனை.
டார்ச்சுக்குக் கண்ணை மறைத்துக்கொண்ட ஒருவர்
"எதற்கு?" என்றார்.
எண்ணுவதற்கு என்றாள்.
"எண்ணிக்கொள். பெயர் எழுதாதே.
என் தங்கை இந்த ஊரில்தான் இருக்கிறாள்.
மருந்துக்கடை வைத்திருக்கிறாள்."

குறிப்பேட்டில் ஒரு கோடு மட்டும் கிழித்தாள்.
பெயர் இல்லாத கோட்டை எதனோடு பொருத்துவது?
துடுப்பு வெட்டாமல் விட்ட மீன்.
சூத்திரத்துக்கு அவரால் ஒரு பயனும் இல்லை.
அவள் ஏறி வந்தபோது கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது;
தெருவிளக்குகள் ஒவ்வொன்றும் இரண்டாய்த் தெரிந்தன.

வெள்ளிக்கிழமை கோப்பு திரும்பி வந்தது.
அறுநூறு என்று எழுதி, அடித்து,
நானூறு போர்வைக்குக் கையெழுத்து.
முதலில் கோபம்தான் வந்தது அவளுக்கு.
பிறகு, பழக்கதோஷம், கழித்துப் பார்த்தாள்:
யாரும் பார்த்திராத மனிதர்களுக்காக
இந்த நகரம் வாங்கிய போர்வைகள்
நூற்றுப் பதினைந்து.

அதில் ஒன்றை மடித்து
இரும்பு மூடியின் ஓரம் வைத்துவிட்டு வந்தாள்.
மறுநாள் அது அங்கே இல்லை.
அவர்தான் எடுத்தாரா,
விடியலில் பனி தள்ள வந்தவரா,
நாய் இழுத்துப் போனதா?

குறிப்பேட்டைத் திறந்தாள்.
தேதி மட்டும் எழுதினாள்.